கடற்காகங்களின் கால்களைப் படித்தல்: நெல்லைக் கடற்கரையில் வண்ண வளையம் தேடுவோர்க்கு

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில், மார்கழி விடியலில் மணல்திட்டில் அமர்ந்திருக்கும் கடற்காகக் கூட்டத்தைப் பார்ப்பவருக்கு எல்லாப் பறவைகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோலத்தான் தோன்றும். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, சிவந்த கால்கள். அந்தக் கால்களுள் ஒன்றில் விரற்கடை உயரத்துக்கு ஒரு நிறப் பிளாஸ்டிக் வளையம் இருந்து, அதில் பொறித்த மூன்று நான்கு எழுத்துகளைப் பிழையின்றிப் படித்துவிட்டால், அந்த ஒரு பறவை மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, தனக்கென ஓர் ஊரும் வயதும் உடையதாகிவிடும். அதைப் படிப்பது எப்படி, படித்ததை யாரிடம் சேர்ப்பது, ஆண்டு முழுவதும் எவ்வாறு தொடர்வது என்பவற்றை, நெல்லைச் சீமையின் கடற்கரையிலும் குளக்கரைகளிலும் நின்று பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் கரையில் வளையமிட்ட கடற்காகம் அரிது. ஒரு பருவம் முழுவதும் கால்களையே பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மனம் உள்ளவர்களுக்கே இந்த வேலை ஒத்துவரும்.

பறவையின் காலில் வளையமிட்டு அதன் போக்குவரத்தை அறியும் முறையை 1899-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்டென்சன் என்ற ஆசிரியர் ஒழுங்காகத் தொடங்கினார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927 முதல் வளையமிட்டு வருகிறது. அவை உலோக வளையங்கள். அவற்றின் எண் மிகச் சிறியது. பறவையைக் கையில் பிடித்தால்தான், அல்லது அது இறந்து கிடந்தால்தான் படிக்க முடியும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே வண்ண வளையம். பறவையைத் தொடாமல், தொலைவிலிருந்தே படித்துவிடலாம் என்பதால், ஒரே பறவையைப் பல ஊர்களில் பலர் பல ஆண்டுகள் பார்த்துப் பதிய வழி பிறந்தது. வளையமிடுவது பயிற்சியும் அரசு அனுமதியும் பெற்றவர்களின் பணி. நாமாகப் பறவையைப் பிடித்து வளையம் மாட்ட முயல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் பணி படிப்பது மட்டும்தான்.

எந்தப் பறவையைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் வளையத்தை மட்டும் படிப்பதில் பயன் குறைவு. நம் கரைக்கு வரும் சிறிய கடற்காகங்கள் முக்கியமாக இரண்டு. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக்கின் சோ மோரிரி, சோ கார் ஏரிகள், திபெத், சீனத்தின் சிங்காய் ஏரி போன்ற உயர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்வது. அந்த லடாக் ஏரிகள் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பவை. அங்கே முட்டையிலிருந்து வந்த குஞ்சு, முதல் குளிர்காலத்தை உவரியில் சாளைமீன் பொறுக்கிக் கழிக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், கால் வலிக்க மணலில் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். கருந்தலைக் கடற்காகம் இதைவிடச் சற்றுச் சிறியது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெளுத்துக் காதருகே ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும் என்பதால் சிறகு நுனியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பழுப்புத்தலையின் நுனி அகலமாகக் கறுத்து, அதில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கருந்தலையின் சிறகு முன்விளிம்பு வெள்ளையாக ஓடும். முதிர்ந்த பழுப்புத்தலையின் கண் வெளிறியது, மற்றதன் கண் கறுத்தது. பெரியவற்றுள், வட ரஷ்யத் தூந்திரத்திலிருந்து வரும் மஞ்சள் கால்களுடைய ஹியூக்ளின் கடற்காகமும், பருவம் முடியும் முன்பே தலை முழுதும் கறுத்துவிடும் பல்லாஸ் கடற்காகமும் உண்டு. பெரிய இனங்கள் முதிர்ந்த நிறத்தை அடைய நான்கு ஆண்டுகள்வரை ஆகும். அதற்குள் ஆண்டுக்கொரு சட்டை மாற்றிக்கொண்டு பார்ப்பவரைக் குழப்பும். இனம் உறுதியாகவில்லை என்றால் 'பெரிய கடற்காகம்' என்று மட்டும் எழுதிவிடலாம், அதில் கௌரவக் குறைவு இல்லை.

இடமும் நேரமும்

ஆற்றுமுகங்களே சிறந்த இடங்கள். தாமிரபரணிக்குப் புன்னைக்காயல், கருமேனியாற்றுக்கு மணப்பாடு, நம்பியாற்றுக்கு ஆற்றங்கரைப் பள்ளிவாசல் பக்கம். நன்னீரும் உப்புநீரும் கலக்குமிடத்தில் குளித்து இறகு கோதுவதற்காகக் கடற்காகங்கள் கூடும். குளித்து எழுந்த பறவை நெடுநேரம் நின்றபடி இறகைக் காயவைக்கும் என்பதால் கால் நன்றாகத் தெரியும். மீன் இறங்கும் கரைகளிலும் கூட்டம் சேரும், ஆனால் வள்ளம் கரையேறும் நேரத்தில் எல்லாம் பறந்தபடி ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும்போது வளையம் படிப்பது ஆகாத காரியம். வலை உதறி, மீன் ஏலம் போய், ஆரவாரம் அடங்கிய பிறகு வயிறு நிறைந்த பறவைகள் திட்டுக்குப் போய் அமரும் அந்த ஒரு மணி நேரமே நமக்கு உரியது. மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. அன்று கரையில் ஆரவாரம் இருக்காது, திட்டில் அமர்ந்தவையும் எளிதில் கிளம்பமாட்டா. என் நல்ல நாள்கள் பலவும் ஞாயிறுகளே.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விதி போதும். நம் கடல் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருப்பதால், காலையில் கடலுக்கு முதுகு காட்டி உப்பங்கழிப் பக்கம் பார்க்க வேண்டும், மாலையில் ஊருக்கு முதுகு காட்டிக் கடல் பக்கம் பார்க்க வேண்டும். இதை மறந்து விடியலில் கடல் நோக்கி நின்றால், எல்லாக் கால்களும் கறுப்பு, எல்லா வளையங்களும் கறுப்பு. மார்கழியிலும்கூட ஒன்பதரை மணிக்கு மேல் மணலிலிருந்து கானல் எழுந்து எழுத்துகளை நெளியவைக்கும். கானல் தொடங்கிய பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உதவாது, இடியாப்பம் சாப்பிடப் போய்விடலாம்.

காற்றும் கணக்கில் வர வேண்டும். கடற்காகங்கள் காற்றை எதிர்கொண்டே நிற்கும். வாடை வீசும் மாதங்களில் அவற்றின் முகம் பெரும்பாலும் வடகிழக்கை நோக்கியிருக்கும். எனவே காற்றுக்குக் குறுக்கே, கூட்டத்தின் பக்கவாட்டில் நின்றால் கால்கள் ஒன்றையொன்று மறைக்காமல் தெரியும். மன்னார் வளைகுடாவில் ஓதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆகவே வற்றுநீர் அட்டவணை பார்த்துப் புறப்பட வேண்டிய தேவையும் இல்லை.

கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் ஸ்கோப் என்னும் தொலைநோக்குக் குழலைத் தூக்கிக்கொண்டு போவதைத் தவிர்ப்பது நல்லது. அணுமின் நிலையத்தை ஒட்டிய கரையில் முக்காலி நிறுத்திக் குழல் வழியே பார்ப்பவரை யாரும் பறவைக்காரர் என்று எடுத்த எடுப்பில் நம்பமாட்டார்கள். மற்ற இடங்களிலும் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். ஊர்க்காரர்களிடம் முதல் நாளே என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. கடல் காக்கா காலில் 'மோதிரம்' கண்டதை அடுத்த முறை அவர்களே அழைத்துச் சொல்வார்கள்.

படிக்கும் முறை

எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்றால் வளையம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம், எழுத்தைப் படிக்க இயலாது. அதற்கு 20 முதல் 60 மடங்குவரை பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும், காற்றில் ஆடாத முக்காலியும் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் நூறு, நூற்றைம்பது மீட்டரிலிருந்து படிக்கலாம். ஸ்கோப் வாங்க வசதி இல்லாதவர்கள் நீண்ட ஜூம் உடைய சிறு கேமராவைக் கொண்டு இதைச் செய்யலாம். உண்மையில் தொடக்கக்காரருக்கு அதுவே மேல், ஏனெனில் படம் சாட்சியாக நிற்கும்.

கூட்டத்தை நோக்கி நேராக நடக்கக் கூடாது. நண்டு நடப்பதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்து நடந்து, இடையிடையே நின்று, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு நெருங்க வேண்டும். ஒன்றிரண்டு பறவைகள் கழுத்தை நீட்டித் தலையை உயர்த்தினால் நின்றுவிட வேண்டும். எல்லாம் உயர்த்தினால் பத்தடி பின்வாங்க வேண்டும். நெடுவழி பறந்து களைத்து வந்தவற்றை எழுப்பி விரட்டி எடுத்த எழுத்துக்கு மதிப்பு இல்லை என்பது என் கட்சி.

பிறகு, கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கண் தானாகவே பறவையின் முகத்துக்குத்தான் போகும், அதைப் பிடித்துக் காலுக்கு இழுத்துவருவதே முதல் பயிற்சி. கடற்காகம் ஒற்றைக்காலில் நிற்கும் பழக்கம் உடையது. மறுகாலை வயிற்று இறகுக்குள் செருகியிருக்கும். அப்படி நிற்கும் பறவையை 'வளையம் இல்லை' என்று கணக்கில் சேர்க்காமல் 'பாதி பார்த்தது' என்று வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிறகையும் காலையும் ஒரே பக்கமாக நீட்டிச் சோம்பல் முறிக்கும் கணத்தில் வளையம் முழுதாக வெளிப்படும். அந்தக் கணம் இரண்டு நொடிதான் நீடிக்கும்.

எழுத்து வளையத்தைச் சுற்றி இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு கோணத்தில் நமக்குத் தெரிவது வளையத்தின் பாதிச் சுற்று மட்டுமே என்பதால், எழுத்துகள் ஒரு பக்கம் பாதியும் மறுபக்கம் பாதியுமாக வெட்டுப்பட்டு வந்து மயக்கும். பறவை திரும்பி நடக்கும்வரை பொறுத்து, குறைந்தது இரு கோணங்களிலிருந்து படித்த பிறகே குறிப்பேட்டில் எழுத வேண்டும். கடற்காக வளையங்களை வழக்கமாகப் பாதத்திலிருந்து உடல் நோக்கி, கீழிருந்து மேலாகப் படிப்பார்கள். சில திட்டங்களில் மாறுவதும் உண்டு என்பதால் எந்தத் திசையில் படித்தோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆங்கிலப் பெருவெழுத்தும் எண்ணும் கலந்து வருவதால் பி-யும் 8-உம், எஸ்-உம் 5-உம், இசட்டும் 2-உம், ஜி-யும் 6-உம் ஒன்றுபோலத் தோன்றும். சேறு ஒட்டிய எழுத்து இன்னும் மோசம்.

இடது, வலது என்பது பறவையின் இடது, வலதே தவிர நம்முடையது அன்று. பறவை நம்மைப் பார்த்து நிற்கும்போது இது தலைகீழாகிவிடும், புதியவர்களின் பிழைகளில் பாதி இங்கேதான் நேர்கிறது. பறவையின் காலில் முழங்கால்போலப் பின்னோக்கி மடியும் மூட்டு உண்மையில் கணுக்கால் மூட்டு. வளையம் அந்த மூட்டுக்கு மேலா கீழா என்பதைக் குறிக்க வேண்டும். மறுகாலில் உலோக வளையம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நிறத்திலும் ஏமாறலாம். வெள்ளை வளையம் நாள்பட்டால் பழுத்து மஞ்சளாகும், சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகும், அந்தி ஒளியில் பச்சையையும் நீலத்தையும் பிரிப்பது கடினம். இன்னொன்று, காலில் தங்கூசி எனப்படும் மீன்பிடி நைலான் நரம்பு சுற்றி இறுகிய கடற்காகங்கள் நம் கரையில் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் அது நீல வளையம்போலவே இருக்கும். ஒரு முறை அதைக் கண்டு மகிழ்ந்து, ஸ்கோப்பில் பார்த்த பிறகு மனம் கசந்து போனேன்.

எழுத்தை ஊகித்து நிரப்புவதே இந்தப் பணியின் பெரும் பாவம். மணப்பாட்டில் ஒரு மாசி மாத மாலையில், மூன்றாவது எழுத்தைப் பி என்று உறுதியாக எழுதி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து வந்த மறுமொழியில், அந்தக் குறி வேறோர் இனத்துப் பறவைக்கு இட்டது, கடற்காகத்துக்கு அன்று என்று இருந்தது. கையில் இருந்த ஒரே படத்தைப் பெரிதாக்கினால் பி என்றும் சொல்லலாம், 8 என்றும் சொல்லலாம். இரண்டாவது படம் எடுக்காத சோம்பலால் அந்தப் பதிவு இன்றுவரை எதற்கும் பயன்படாமல் கிடக்கிறது. ஐயம் உள்ள இடத்தில் ஐயத்தையே எழுதியிருந்தால், வளையமிட்டவர் தம் பட்டியலோடு ஒப்பிட்டுத் தாமே தீர்த்திருப்பார்.

மாதிரிக்கு ஒரு குறிப்பு இப்படி அமையலாம்: "மணப்பாடு, கருமேனியாற்று முகம், கடல் பக்கத் திட்டு. மாலை 4.40. பழுப்புத்தலைக் கடற்காகம், முதிர்ந்தது. வலது கால், மூட்டுக்குக் கீழ், மஞ்சள் வளையம், கறுப்பு எழுத்து, கீழிருந்து மேல். முதல் இரண்டு எழுத்து உறுதி, மூன்றாவது 8 அல்லது பி. இடது காலில் உலோகம். கூட்டத்தில் 64, இரு கால்களும் பார்த்தது 41." கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எத்தனை கால்களைப் பார்த்து ஒன்றும் காணவில்லை என்ற கணக்கு இருந்தால்தான், கண்ட ஒன்று எவ்வளவு அரிது என்பதை அளக்க முடியும். வளையம் காணாத நாளிலும் இந்த எண்ணை எழுதுங்கள்.

குளக்கரையில் ஒரு பயிற்சி

கடற்காகத்தின் காலில் தொடங்கினால் மனம் தளர்ந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் பழகலாம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்தக் குளத்துக்கும், அடுத்துள்ள காடன்குளத்துக்கும், பெரிய ஏரியான விஜயநாராயணத்துக்கும் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலியாவில் எழுத்துப் பொறித்த கழுத்துப்பட்டி மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் பலமுறை காணப்பட்டிருக்கின்றன. கழுத்துப்பட்டி பெரியது. சேற்றிலோ நீரிலோ மறையாது, ஒற்றைக்கால் தொல்லையும் இல்லை. பகலில் குளத்துத் திட்டுகளில் ஓய்ந்திருந்துவிட்டு அந்தியில் பிசானப் பருவ நெல்வயல்களுக்கு மேயப் போகும் என்பதால், வரப்பு ஏறாமல் கரையிலிருந்தபடியே நிதானமாகப் பார்க்கலாம். இந்த வாத்துகள் இமயத்தைக் கடக்கும்போது 7,000 மீட்டரைத் தாண்டிய உயரத்திலும் பறந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். கூந்தன்குளத்து மக்கள் தம் வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். அவர்கள் காக்கும் அமைதியை நாம் ஒரு படத்துக்காகக் குலைக்கக் கூடாது.

கடற்கரையிலேயே உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பார்ப்பவர்கள், அவற்றின் காலில் வளையத்துக்குப் பதிலாகச் சிறு கொடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைத் தேட வேண்டும். இரு நிறப் பட்டைகள் இருந்தால் எது மேலே எது கீழே என்பதே அது மாட்டப்பட்ட நாட்டையோ பகுதியையோ சொல்லும் குறி.

பதிவைச் சேர்க்கும் இடம்

உலோக வளையமோ இந்தியத் திட்டத்தின் வண்ண வளையமோ என்று தோன்றினால் மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதலாம். வெளிநாட்டு வளையங்களுக்கு, இனம், நிறம், எழுத்து வடிவம் ஆகியவற்றைக் கொண்டு உரிய திட்டத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஐரோப்பிய வண்ண வளைய இணையப் பட்டியல் இருக்கிறது. பறவை பார்ப்போர் தம் காட்சிகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் பதிவது நல்லதுதான், ஆனால் அங்கே குறிப்பில் எழுதிய எழுத்து தானாக வளையமிட்டவரிடம் போய்ச் சேராது. தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். மறுமொழி வர நாள்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இறந்து ஒதுங்கிய பறவையில் வளையம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல், எண் தெரியும்படி படமெடுத்து அனுப்பினால் போதும். பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் இது வெறும் முன்னெச்சரிக்கை அன்று.

ஆண்டைத் தொடர்வது

புரட்டாசிக் கடைசியில் முதல் பறவைகள் தென்படத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி ஆற்றுமுகம் உடையும்போது திட்டுகள் இடம் மாறும். போன ஆண்டு நின்ற இடத்தில் நின்றால் நீர்தான் தெரியும். தை மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2011 முதல் நம் மாவட்டங்களின் குளங்களில் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறும். அவற்றில் தன்னார்வலராகச் சேர்ந்தால் கால்களைப் பார்க்கும் கண்கள் பெருகும். மாசியில் பழுப்புத்தலையின் தலை திட்டுத்திட்டாக நிறமேறும். அந்த நாள்களில் வளையமிட்ட பறவை கிடைத்தால் தலை எவ்வளவு நிறமேறியிருக்கிறது என்பதையும் எழுதுவது நலம். பங்குனி முடிவதற்குள் பெரும்பாலானவை போய்விடும். முதலாண்டு இளம்பறவைகள் ஒன்றிரண்டு கோடையிலும் தங்கிவிடுவது உண்டு என்பதால் சித்திரையிலும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு வளையத்தைப் படித்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பறவைக்கென ஒரு தனித்தாளை ஒதுக்கி, முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள், எந்தத் திட்டு, அதே கரையில் எத்தனை முறை என்று எழுதிவர வேண்டும். கடற்காகங்கள் பழகிய குளிர்காலக் கரைக்கே திரும்பும் இயல்புடையவை. ஐரோப்பாவில் வளையமிட்ட கருந்தலைக் கடற்காகம் ஒன்று 30 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தத் தாளில் கீழே நிறைய இடம் விட்டு எழுதுங்கள். அடுத்த புரட்டாசியில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய திட்டின் பெயரை மேலே சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்.